சாய்த்து எடுத்த பன்னிரண்டாவது படம்

லோர்னா பகுல்ஸ்கிக்குப் பத்தொன்பது வருடமாக மில்வாக்கியில் ஒரே வேலை, மூளையை ஸ்கேன் எடுப்பது. ஒன்றை நினைக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன். அதற்குப் பரம எதிரி மூக்கு. மூக்குக்குப் பின்னால் இருக்கும் காற்று காந்தப்புலத்தைக் கெடுத்து, கண்ணுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியைப் படத்தில் ஓட்டையாக்கிவிடும். ஸ்கேன் மூளையை ரொட்டித் துண்டுகள் போல அடுக்கடுக்காகப் படமெடுக்கும்; அந்த அடுக்குகளைச் சாய்த்து எடுத்தால் ஓட்டை பெரும்பாலும் அடைபடும். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்போது அவள் ஸ்கேன் எடுத்தது, குடியை விட வந்தவர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக. குடியை விடுவதற்கான முதல் மாத்திரைக்கு முன் ஒரு ஸ்கேன். மாத்திரை உள்ளே போய்விட்டால் அந்த ‘முன்’ திரும்ப வராது. ஆராய்ச்சி தேடியதோ கண்ணுக்கு மேலே இருக்கும் அந்த இடத்தைத்தான்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய லோர்னா, அவள் இல்லாதபோது எடுத்திருந்த பதினொரு பேரின் படங்களைத் திறந்தாள். பதினொன்றிலும் ஓட்டை.

“ப்ரென்ட், சாய்ச்சு வெச்சிருந்தேனே, எங்க அது?”

“நான்தான் நேராக்கினேன். ஆராய்ச்சிக் கட்டுரைல போட்டா படம் கோணலா தெரியுது,” என்றான் ஆராய்ச்சியாளன் ப்ரென்ட் ஹாஸ்கெல்.

“கோணலா இருந்தா என்னப்பா, பொண்ணு பாக்கவா வராங்க?”

அன்று வந்தவர் டெல்பர்ட், ஓய்வுபெற்ற லாரி டிரைவர். லோர்னா ப்ரென்ட்டை விசைப்பலகைப் பக்கம் அண்டவிடாமல், சாய்த்தே எடுத்தாள். படம் முழுசாக வந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு நிம்மதி.

ப்ரென்ட் தலைமைப் பேராசிரியருக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

“பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்கு, இது மட்டும் வேற. கலந்தா கட்டுரைய போடுறவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். இத நீக்கிடச் சொல்றாரு. இனிமே எல்லாமே நேராத்தான்.”

“பதினொரு பேருக்குக் கண்ணு தெரியலன்னு பன்னெண்டாவது ஆளு கண்ணையும் நோண்டுவீங்களா?”

“நான் என்ன செய்யட்டும், லோர்னா? முடிவு அவரோடது.”

வெளியே டெல்பர்ட் கையில் மாத்திரையோடும் தண்ணீர்க் குவளையோடும் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, என் படம் நல்லா வந்துச்சா? இந்தக் கிழவனால நாலு பேருக்காவது பிரயோஜனம் உண்டா?”

லோர்னாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின.

“உங்க படம் மாதிரி வேற எதுவுமே வரலைங்க,” என்றாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக மாத்திரையை விழுங்கினார்.