செத்த காலேஜில் எங்கள் புலிகுத்திக் கல்

பட்டணத்திலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. கால்வலியும் போகவில்லை, சந்தோஷமும் போகவில்லை. அறுபத்து மூன்று வயதில் ஆண்துணை இல்லாமல் என் நாத்தனார் பாவாயியை அழைத்துக்கொண்டு போய்வந்தேன். போக எண்ணும் பெண்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் காரணம். நாமக்கல் பக்கத்து எங்கள் தோட்டத்து வரப்பில் ஒரு புலிகுத்திக் கல் நின்றது. புலியோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு நட்டது. மழையில் எழுத்து கரைகிறதே என்று என் கணவர் அதைச் சென்னை மியூசியத்துக்குக் கொடுத்தார். மறு வருஷம் அவர் காலமானார். காவல் சாமியை வண்டியேற்றிய வினை என்று பாவாயி பதினொரு வருஷமாகச் சொல்லி வந்தாள். போன மாதம் பேச்சு முற்றி, கல் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தால் நானே சர்க்காருக்கு எழுதித் திரும்பக் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்படி எழுதினால் அவர் செய்தது தவறு என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். நல்ல காகிதமாக நான்கு தாள் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நாமக்கல்லிலிருந்து சேலம் முப்பத்து மூன்று மைல். பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம், பத்தணா. பட்டணத்துக்கு ரயில் ஜங்ஷனில்தான் ஏற வேண்டும், டவுனில் இறங்கிவிடாதீர்கள். காலை ஆறு பத்துக்கு சென்ட்ரல். எதிரிலேயே சத்திரம், குளிக்க வெந்நீர் கேட்டால்தான் தருவார்கள்.

கோட்டைக்கு ஒன்பது மணிக்குள் போங்கள். வாசல் சிப்பாயிடம் தயங்கி நின்றால் திருப்பி அனுப்புவான். வந்த காரியத்தை நேராகச் சொன்னால் வழிவிடுவான். ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களை எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். உச்சியில் இருப்பது கப்பல்களுக்கான விளக்கு. நான் வாய் பிளந்து நின்றதைப் பாவாயி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறைப்பானேன், நின்றேன்.

ஜட்கா வண்டிக்காரருக்கு மியூசியம் என்றால் புரியவில்லை. பிறகு, "செத்த காலேஜா? குந்து" என்றார். மிருகக்காட்சி சாலை அவர்களுக்கு உயிர் காலேஜாம்.

"செத்ததுக்கெல்லாங்கூடக் காலேஜுங்களா?" என்றாள் பாவாயி.

வெள்ளிக்கிழமை மியூசியம் விடுமுறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு மட்டும். காவலுக்கும் பெண்களே இருப்பார்கள். பிற ஆண்கள் நடுவே நடக்கமாட்டேன் என்ற பாவாயிக்காக அந்த நாளைத்தான் பார்த்து வைத்திருந்தேன். கட்டணம் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. அவள் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் தொங்கும் திமிங்கிலத்தின் எலும்பை அண்ணாந்து பார்த்து, "இது ஆரு ஊட்டுத் தோட்டத்துல எடுத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினோம். என் பெட்டித் தாள்கள் எனக்குக் கனக்கத் தொடங்கின. கடைசியில் பாவாயிதான் கண்டாள். கூரையின் கீழ், மேடை மேல், ஒரு தூசி இல்லாமல் நின்றது எங்கள் கல். பக்கத்துப் பலகையில் ஊரும் தாலுகாவும் இங்கிலீஷில் இருந்தன. சத்தமாக வாசித்தேன், கான்வென்டில் படித்ததற்கு அன்றுதான் முழுப் பலன்.

திரும்பினால், பாவாயி மடியிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டிருந்தாள். காவல்காரி ஓடி வந்தாள்.

"யம்மா, எண்ணெ உடாதே. தொரை பாத்தாருன்னா எம்பொழப்பு பூடும்."

"இது எங்கூட்டுச் சாமிங்க."

"யார் ஊட்டுதா இருந்தா இன்னா? காலைல வரச்சொல்ல நானே ஒரு பூ வெச்சிட்டு, சாயந்தரம் போவச்சொல்ல எடுத்துடுவேன். புலியோட நிக்கற மன்சன சும்மா உட்டுட்டுப் போவ மனசு வர்ல."

அப்போதுதான் கல்லின் காலடியில் ஒரு அரளிப் பூ இருப்பதைக் கண்டோம். பாவாயி கிண்ணத்தை மூடினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பூவை எடுத்து, தான் வைக்காமல், என் கையில் கொடுத்தாள். கணவர் போனபின் எங்கள் சாமிக்குப் பூ வைக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

"நீங்களே வைங்க நங்கயா. அண்ணன் குடுத்த கல்லு."

வைத்தேன்.

நீங்கள் போனால் குடையும் குடிநீரும் எடுத்துப்போங்கள். எண்ணெய் வேண்டாம். மணி, மைல், அணா எல்லாம் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். அந்தக் கல் எந்தக் கூடத்தில் நிற்கிறது என்பதை மட்டும், காவல்காரியின் பிழைப்பை எண்ணி, எழுதவில்லை. இதை எழுதுவது அந்த நான்கு தாள்களில்தான்.