சொன்னதை எழுதுபவள்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜாப் டைப்பிங் கடையில் அவளை எல்லாரும் டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. அவள் அதைக் கவனித்ததுகூட இல்லை, விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். மனுவோடு வருகிறவர்கள் கசங்கிய தாளை நீட்டிவிட்டு ஸ்டூலில் உட்காருவார்கள். வாக்கியம் நொண்டும், தேதி இருக்காது, ஒரே விஷயம் மூன்று தடவை வரும். அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். கண் தாளில் இருக்கும்போதே கை திருத்திவிடும். அச்சான பக்கத்தை வாங்கிப் படிக்கிறவர், தான்தான் அப்படி எழுதியதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போவார். பதினான்கு வருஷத்தில் ஒருத்தரிடமும் "இது தப்பு" என்று அவள் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் வீட்டுக்காரர் தகர டப்பா செய்யும் கம்பெனியில் தகரம் வெட்டும் பிரஸ் மிஷினை ஓட்டுபவர், அக்கம்பக்கத்தில் பிரஸ்காரர் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலை ஷிப்டில், அந்த பிரஸ் அவருடைய வலது கையின் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் தப்பித்தது. காயம் ஆறி வேலைக்குத் திரும்பியபோது கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் மிஷின் ஓட்டிய மனிதர், இடது கையால் தகரத்துண்டு கூட்டிக்கொண்டிருந்தார். நேற்றுவரை 'அண்ணே' என்றவர்கள் அவர் கூட்டும்போது காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். "ஸ்டோர்ல ஒரு சீட் காலியாகுது. உட்கார்ந்துகிட்டே கம்ப்யூட்டர்ல நம்பர் தட்டுற வேலை, ஒத்தைக் கை போதும். ஆனா பத்தாவது பாஸ் இருந்தாத்தான் ஆபீஸ் ஒத்துக்கும். அடுத்த ஜூன் வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது. கூட்டுறதுக்கும் ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க."

பத்தாவதில் மற்ற பாடமெல்லாம் அவர் அந்தக் காலத்திலேயே பாஸ். இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவர். அந்த ஒரு பேப்பரை எழுதிவிட்டால் போதும். எழுத முடியாத கை உள்ளவர்களுக்குத் தேர்வு மையமே ஆள் கொடுக்கும். கீழ் வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதும். வீட்டு ஆள் எழுதக்கூடாது. வீட்டிலே பழகிக்கொள்ள யார் தடுக்கப்போகிறார்கள்? டைப்பிங் அக்கா கடையிலிருந்து வீணான தாள்களை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் யாருடைய மனுவோ, மறுபக்கம் இவர்களுடைய இங்கிலீஷ். ஒற்றை அறை வீடு, சாப்பிடுகிற மேஜைதான் பள்ளிக்கூடம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாதிரி வினாத்தாள் புத்தகத்தை விரித்து வைப்பார்கள். அவர் சொல்வார், அவள் எழுதுவாள். முடிந்ததும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையைப் பார்த்து அவளே மார்க்கும் போடுவாள்.

முதல் நாள் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். நூற்றுக்குப் பதினொன்று. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், "அந்த மிஷின் என்னை முழுசா எடுத்திருக்கலாம்" என்றார். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உட்காரவைத்தாள். அவர் சொன்ன முதல் வாக்கியம் தலையுமில்லாமல் வாலுமில்லாமல் வந்தது. அவள் கை அதை நிமிர்த்தி எழுதியது. வேண்டுமென்று செய்தாள் என்று சொல்லமுடியாது, பதினான்கு வருஷப் பழக்கம். ஆனால் இரண்டாவது வாக்கியத்தைத் தெரிந்தேதான் திருத்தினாள். அன்று முப்பத்தெட்டு மார்க். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "சோறு இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவள் என்ன வேண்டுமானாலும் எழுதியிருப்பாள்.

அப்புறம் அது ஓட ஆரம்பித்தது. அவரும் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே எதிர்ச்சொற்களை முணுமுணுத்தார். டென்ஸ் எல்லாவற்றையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். காதால் கேட்டது நாக்கில் நின்றது. ஆனால் அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டச் சொன்னால் தடுமாறுவார், வாக்கியமாக்கச் சொன்னால் உதிர்த்துப் போடுவார். யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் உதிர்த்ததை எல்லாம் பொறுக்கிக் கோத்து, அழகான கையெழுத்தில் எழுதி, தான் எழுதியதற்குத் தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு. அறுபத்தொன்று. எழுபது. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். வாசிக்க அவருக்கு ஓரளவு வரும். "பாத்தியா, லெட்டர் எப்படி வந்திருக்கு. நமக்குள்ள இவ்வளவு இருந்திருக்கு பாரேன்" என்பார். கடையில் மனு வாங்கிப் போகிறவர்களின் அதே முகம். அவள் அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, "நல்லாத்தான் வந்திருக்கு" என்பாள்.

நடுவில் சொல்லிவிடலாம் என்று நினைக்காமல் இல்லை. இந்த வாரம் வேண்டாம், நன்றாகச் சிரித்துப் பேசுகிறார், அடுத்த வாரம் என்று தள்ளினாள். அடுத்த வாரம் அவர் இன்னும் நன்றாகச் சிரித்தார். இடது கையால் எழுதிப் பழகட்டுமா என்று ஒருநாள் அவரே கேட்டார். "அதெல்லாம் எதுக்குங்க, எழுதத்தான் ஆள் தர்றாங்களே" என்று இவள்தான் தடுத்தாள். இடது கையால் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்கிற பயம். நல்ல மனசுக்காரிதான். நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கெடுதலுக்குக் கேஸ் போட இடமில்லை.

ஹால் டிக்கெட்டோடு ஒரு தாளும் வந்தது. எழுதித் தருபவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும், எழுத்தில் சந்தேகம் வந்தால் தேர்வரிடமே கேட்கவேண்டும் என்று அதில் இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். பேயறைந்த மாதிரி நின்றாள். அப்புறம் அதை மடித்துப் பீரோவில் துணிக்கடியில் வைத்துவிட்டாள். தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது.

தேர்வு முடிந்து அவர் கேட்டுக்கு வெளியே வந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஒன்பதாவது படிக்கிற பொண்ணாம். எழுதவே தெரியலை அதுக்கு. வார்த்தைக்கு வார்த்தை ஸ்பெல்லிங் கேக்குது. நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துறேன்? லெட்டர் சொன்னேன், நிறுத்தி நிறுத்தி எழுதிச்சு. பாதி பேப்பர்கூட முடியலை. மணி அடிச்சிட்டாங்க."

"போகட்டும் விடுங்க."

"எப்படி விடுறது? வீட்ல எழுபது எடுக்கிறவன் அங்க முப்பதுகூட எடுக்கமாட்டேன். அந்தப் பொண்ணாலதான். புகார் குடுத்தா மறுதேர்வு வைப்பாங்களாம், கண்காணிப்பாளரே சொன்னாரு. நீ டைப் பண்ணு."

மறுநாள் டைப்பிங் கடையில், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் பொரிந்து தள்ளினார். அவள் தட்டினாள். எழுதித் தந்த மாணவியின் அறியாமையாலும் அலட்சியத்தாலும் என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம். அவர் சொன்னது வெறும் கோபம், அச்சானது அசைக்க முடியாத மனு. பயிற்சித் தாள்களின் கட்டையும் சாட்சியாகச் சேர்த்துக் கட்டினார்கள். அவளே அசந்துபோகும் அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம், அன்றைக்காவது அந்த விரல்கள் கொஞ்சம் சண்டித்தனம் செய்திருக்கலாம்.

பத்து நாள் கழித்துக் கல்வி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். நீளமான அறை, மரப் பெஞ்சு, கட்டுக் கட்டாக ஃபைல். விசாரிக்கிற அதிகாரி அம்மா கண்ணாடியை இறக்கி மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறுமுனையில் அந்தப் பெண் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, மடியில் கோத்து வைத்த கைகள். புகார் உறுதியானால் அவள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிடுவார்கள், பள்ளியில் அவளுக்குத் தரும் உதவித்தொகை நின்றுவிடும். இதை அவள் அம்மாதான் வந்தவுடன் இவர்களிடம் சொல்லி அழுதாள். பிரஸ்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள் சொன்னதைத்தான் எழுதினேன் மேடம். தெரியாதப்போ கேளுன்னு சொன்னாங்க, கேட்டேன். அவர் கோபப்பட்டாரு" என்றாள் அந்தப் பெண்.

விசாரணை அம்மா பயிற்சித் தாள்களைப் புரட்டினார். "இதெல்லாம் யாரு எழுதினது?"

"என் வீட்டுக்காரி மேடம். நான் சொல்லச் சொல்ல எழுதினா. ஒரு எழுத்துகூட அவளா சேர்க்கலை."

அவர் அதைச் சத்தியமாக நம்பினார். டைப்பிங் அக்காவுக்கு உட்கார்ந்திருந்த இடம் சுட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். உங்க தெருவுல தண்ணி வரலைன்னு அதிகாரிக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் சொல்லுங்க. இவங்களே எழுதட்டும். இந்த மாதிரி வந்துச்சுன்னா, மறுதேர்வுக்கு நானே எழுதிடுறேன்."

வெள்ளைத் தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. பிரஸ்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தைரியமாக ஆரம்பித்தார். திருத்தி எழுதினால் மறுதேர்வு கிடைக்கும், அங்கேயும் இன்னொரு பிள்ளை உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லும். இந்தப் பிள்ளையின் படிப்பும் போகும், அவருடைய ஸ்டோர் வேலையும் கிடைக்காது. அவளுக்கு அது கண்ணாடி மாதிரி தெரிந்தது. தெரிந்தும், பேனா திருத்தத்தான் துடித்தது. முதல் வார்த்தையை எழுதாமல் நிமிர்ந்தாள்.

"அதுக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றாள்.

அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். "எழுது, எழுது."

"சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்."

அவர் ஏதோ எழுத்துகளைச் சொன்னார். அவள் அப்படியே எழுதினாள். அடுத்த வார்த்தைக்கும் கேட்டாள். ஐந்தாறு வார்த்தைக்குப் பிறகு அவர் குரல் இறங்கியது. வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை, முடிந்ததாக அவர் சொன்ன இடத்தில் புள்ளி வைத்தாள். அழுதுகொண்டேதான் எழுதினாள், ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கால் மணி நேரத்தில் நான்கு வரி. விசாரணை அம்மா தாளுக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் பிரஸ்காரர் இடது கையால் அதை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இதுதான் நான் சொன்னதா?"

"ஆமாங்க."

"அதெல்லாம்?" பயிற்சித் தாள்களைக் காட்டிக் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்து போய் மேஜைமேல் தாளை வைத்து, "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்" என்றார். அந்தப் பெண்ணிடம் போய், "தப்பா நினைச்சிட்டேம்மா" என்றார். வாபஸ் கடிதத்தை விசாரணை அம்மாவே எழுதினார், இவர் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார். பத்தொன்பது வருஷம் மிஷின் ஓட்டி மாசாமாசம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய மனிதர்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் ஓரத்தில் உட்கார்ந்தார், அவள் நின்றாள். ஜூனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"நீங்க சாப்பிடாம கிடந்தீங்க. பயமா இருந்துச்சு. வருத்தப்படுவீங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ஆஸ்பத்திரியில டாக்டர் முகத்துக்கு நேரா சொன்னாரு, விரல் இனி இல்லைன்னு. அழுதேன், கேட்டுக்கிட்டேன். இடது கையால சாப்பிடக் கத்துக்கிட்டேன், பட்டன் போடக் கத்துக்கிட்டேன். தப்புன்னா தப்புன்னு சொல்லியிருந்தா இதையும் கத்துக்கிட்டிருப்பேன். ஒரு வருஷம் முழுசா இருந்துச்சு எனக்கு. அதை நீதான் எடுத்துக்கிட்டே."

பஸ் வந்தது. அவர் முன்பக்கம் ஏறிக்கொண்டார், அவள் பின்பக்கம் ஏறினாள்.