பதினோராம் அத்தியாயத்தின் மழை

மகள் வாசித்த நாவலின் பதினோராம் அத்தியாயம் ஒலிப்புத்தகச் செயலியில் வெளியானபோது, கேட்டவர்களில் அதிகம் பேர் மழையைத்தான் பாராட்டினார்கள். “மழைச் சத்தத்தை எப்படிச் சேர்த்தீர்கள்? காதுக்குள்ளே பெய்கிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே இதயப் படங்கள் வரிசையாக நின்றன. யாரும் எதையும் சேர்க்கவில்லை. அது இரத்தோட்டையில் எங்கள் வீட்டுத் தகரக்கூரையில் பெய்த மழை.

நாவல், அணைந்துபோன ஒரு நட்சத்திரத்துக்குள் வாழும் மனிதர்களைப் பற்றியது. அவர்களிடம் கப்பல்களும் உண்டு, மந்திரங்களும் உண்டு. கப்பலுக்கு எரிபொருள் கிடையாது. மாலுமி தன் நினைவு ஒன்றை விட்டுக்கொடுத்தால் அது கொஞ்ச தூரம் நகரும். அணைந்த நட்சத்திரத்துக்குள் ஈர்ப்பு எப்படியிருக்கும் என்று எழுத்தாளர் யோசித்தாரா என ஒரு நேயர் கேட்டிருந்தார். நான் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், எனக்கும் அதே கேள்விதான். மகளிடம் சொன்னபோது, “மார்க்ஸ் போடாதீங்கப்பா, கதையைக் கேளுங்க” என்றாள்.

மனைவி சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவள். வீட்டின் பின்புறம், மலைச்சரிவை ஒட்டி அவளுடைய ஸ்டோர் அறை இருந்தது. மூன்று பக்கச் சுவரையும் மறைத்து மிளகுச் சாக்குகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அங்கே பேசினால் எதிரொலி கிடையாது, வெளிச்சத்தமும் அதிகம் நுழையாது. மகள் அதைக் கண்டுபிடித்து, கைப்பேசியையும் ஒரு சிறிய மைக்கையும் வைத்து அங்கிருந்தே வாசிக்கத் தொடங்கினாள். தும்மல் மட்டும்தான் பிரச்சினை. கதவுப்பிடியில் துவாய் தொங்கினால் உள்ளே ஒலிப்பதிவு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது நீர்ப்பம்பு போடக்கூடாது, மிக்சி போடக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. சில வாரங்களில் அயலவர்களுக்கும் இது பழகிவிட்டது. துவாய் தொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படலைத் திறப்பார்கள்.

அந்த மழை நாளில் பக்கத்து வீட்டுக்காரர் துவாயைப் பார்க்கவில்லை. சேற்றுக் காலோடு முன் அறைக்குள் ஓடி வந்து, “சேர், மேல மண்ணு வெடிச்சிருக்கு, வாங்க வெளிய!” என்று கத்தினார்.

மனைவி வாயில் விரலை வைத்தாள். “ஷ்ஷ்... தம்பி, மெதுவா. உள்ள ரெக்கோடிங் நடக்குது.”

அவரும் ஒரு கணம் குரலைத் தாழ்த்தினார். இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மலை பிளந்திருக்கிறது, மூன்று பெரியவர்கள் முன் அறையில் நின்று கிசுகிசுத்தோம். “அக்கா, மண்ணு வருதுக்கா” என்று அவர் ரகசியம்போலச் சொன்னார். பிறகு அவருக்கே பொறுக்கவில்லை. “புள்ளைய வெளிய எடுங்க!” என்று வீடு அதிரக் கத்திக்கொண்டு ஸ்டோர் கதவைத் தள்ளினார்.

நாங்கள் தெருவை அடைந்தபோது பின்னால் மரங்கள் முறிந்தன. மிளகு காயப்போடும் களம் போய்விட்டது. சேறு ஸ்டோர் சுவர்வரை வந்து நின்றது. சுவர் விழவில்லை, குறுக்கே வெடித்திருந்தது. மகளின் கையில் கைப்பேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

‘புள்ளைய வெளிய எடுங்க’ என்ற அந்தக் குரலும் பதிவில் இருந்தது. மாலுமி கடைசி நினைவை விட்டுக்கொடுக்கும் வரியின் அடியில், மழைக்குள், தூரத்தில் ஒரு ஆணின் குரல். அதை வெட்டினால் வரியும் போய்விடும் என்று மகள் விட்டுவைத்தாள். திரும்ப வாசித்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை.

நேயர்கள் அதைப் பற்றி ஒரு வாரம் விவாதித்தார்கள். செத்துப்போன கப்பல்தலைவன்தான் கூப்பிடுகிறான் என்றார் ஒருவர். அச்சுப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்றார் இன்னொருவர். “அந்தப் பிள்ளை யார்? அடுத்த பாகத்தில் வருமா?” என்று ஒரு பெண் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைக் காட்டினேன். “அப்ப எனக்கும் சம்பளம் உண்டுதானே சேர்?” என்று சிரித்தார். எனக்கு அந்த இடத்தை இரண்டாம் முறை கேட்க முடியவில்லை.

அலுவிகாரையில் மனைவியின் அக்கா வீட்டில் தங்கினோம். பன்னிரண்டாம் அத்தியாயத்தை மகள் அங்கே வாசித்தாள். வாசலிலேயே பெருந்தெரு. நேயர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். “குரல் மாறிவிட்டது, இது வேறு பெண்ணா?” “குளியலறையில் இருந்து வாசிக்கிறார்.” “நட்சத்திரத்துக்குள் லொறி ஓடுகிறது.” மகள் எல்லாவற்றையும் வாசித்தாள். சாப்பிடும்போதும் வாசித்தாள்.

மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம் மட்டும். அதற்கு அவள் பழைய அறைக்கே போகவேண்டும் என்றாள்.

“வெயில் நாள்ல போய் வாசிச்சிட்டு வந்துடுறேன்பா. சாமான் எடுக்கப் போகலாம்னு மண்சரிவு பார்க்க வந்த ஆபிசரே சொன்னாருதானே.”

“சாமான் எடுக்கக் கதவைப் பூட்டிக்கிட்டு உக்கார மாட்டாங்க.”

“செவரு நிக்குதேப்பா.”

“நிக்குது. எவ்வளவு நேரம் நிக்கும்னு அது சொல்லல.”

“அதுக்காக இப்படியே முடிக்கிறதா? எல்லாரும் திட்டுறாங்க. இதுக்கப்புறம் யாரு எனக்கு புத்தகம் குடுப்பாங்க?”

நான் போகவே கூடாது என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள், நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் தட்டோடு வாசலுக்குப் போனாள். அவள் எனக்குத் தெரியாமல் பஸ் ஏறிவிடுவாளோ என்று, பாடம் நடத்தும்போதும் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளும் திரும்பி மேகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முடிவைச் சொன்னது மனைவிதான். “ஏங்க, அவளுக்கு வேண்டியது அந்த ரூமா, சாக்கா?”

வெயில் நாளொன்றில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் போய் நனையாத சாக்குகளை ஒரு சிறிய லொறியில் ஏற்றினோம். வெடித்த சுவரை நான் தொடவில்லை. அக்கா வீட்டின் நடு அறையில் அவற்றை அடுக்கியபோது, “இனி எங்க வீட்டுல கோழிக்கறிக்கு மிளகு வாங்கத் தேவையில்ல” என்றாள் அக்கா. மகள் கைதட்டிப் பார்த்தாள். எதிரொலி இல்லை. துவாயை எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள்.

“கதவைச் சாத்துறதுன்னா நான் உள்ள இருப்பேன்” என்றேன்.

“மூச்சுச் சத்தம் விழும்பா.”

“விடாம இருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். அந்த நாவலின் ஒரு அத்தியாயத்தை முழுதாகக் கேட்டது அன்றுதான். அணைந்த நட்சத்திரம் கடைசியில் மீண்டும் எரிகிறது. அது நடக்காது, காரணத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனாலும் எல்லா நினைவையும் கொடுத்துவிட்ட மாலுமி, கரையில் நிற்கும் தன் தாயிடம் போய், “நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்று மரியாதையாகக் கேட்கும் இடத்தில், ஈர்ப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அப்போது மழை தொடங்கியது. சாக்குகளைத் தாண்டி மிக மெல்லியதாகக் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். திறந்த பிறகுதான் நான் எழுந்ததே எனக்குத் தெரிந்தது.

மகள் வாசிப்பை நிறுத்தினாள். “அப்பா, இங்க பின்னால மலை இல்ல. ரோடுதான்.”

“தெரியும்.”

“சாத்துறீங்களா?”

என் கை கதவை விடவில்லை. அவள் மைக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு விட்ட வரியிலிருந்து, கதவு திறந்தபடியே, மீதியை வாசித்து முடித்தாள். நடுவில் ஒரு லொறி போனது.

குரல் பழையபடி ஆகிவிட்டது, ஆனால் கடைசிப் பக்கங்களில் மறுபடியும் தெருச்சத்தம், கவனக்குறைவு என்று ஒரு நேயர் எழுதியிருக்கிறார். கதவு திறக்கும் ஒலியோடு நட்சத்திரம் எரியத் தொடங்குவது அருமை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் அவள் பதில் எழுதவில்லை. அடுத்த புத்தகம் வந்திருக்கிறது. நடு அறைக் கதவு சாத்திக்கொள்ளாதபடி அதன் அடியில் நான் ஒரு செங்கல்லை வைத்திருக்கிறேன். அவள் அதை இன்னும் எடுக்கவில்லை.