நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

வீடு விற்கிறவனுக்கு வீட்டைப் பற்றித் தெரிந்தால் போதாது. வாங்க வந்தவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, இந்த ஆள் என்ன குறை சொல்லிக்கொண்டு வெளியே வருவார் என்றும் தெரிய வேண்டும். சனி ஞாயிறுகளை அடுத்தவர் வீட்டு வாசலிலேயே தொலைக்கும் சக முகவர்களே, உங்களுக்கு இது புரியும்.

அந்தச் சனிக்கிழமை குகனையும் அவர் மனைவி தர்சினியையும் நகரின் பழைய பகுதியான பார்க்டேலுக்கு வீடு பார்க்கக் கூட்டிப்போயிருந்தேன். குகன் ட்ரக் ஓட்டுகிறவர். அமெரிக்காவுக்கு லோட் ஏற்றிப் போனால் வர ஒரு கிழமையாகும். தர்சினிக்கு ஏழாம் மாதம். நகரின் ஓரத்தில், மில்லிக்கனில் வாடகைக்கு எடுத்த தனி வீட்டில், அவர் இல்லாத நாட்களில் அவள் தனியே இருக்கிறாள். பிள்ளை பிறக்குமுன் அவளுடைய வேலையிடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிட்ட ஒரு வீடு வேண்டும். குகனோ ஓர் இடத்தில் நிற்கவில்லை.

முதல் வீடு: படி

விக்டோரியா காலத்து வரிசை வீடு என்றால் உங்களுக்குத் தெரியும். அகலம் கிடையாது, நீளமும் உயரமும்தான். கதவைத் திறந்தால் மூக்கு முட்டுகிற மாதிரி மாடிப்படி. கூரையின் உயரத்தையும் கைபிடியில் இருந்த கடைசல் வேலையையும் காட்டி மூச்சு வாங்கப் பேசினேன். குகன் படியில் இரண்டுதரம் ஏறி இறங்கினார்.

“அண்ணை, கதவைத் திறக்க நேர படி. வாற லட்சுமி கீழை நிப்பாவோ, மேலை ஏறிப் பின் ஜன்னலாலை போயிடுவாவோ?”

இரண்டாம் வீடு: முகப்பு

செங்கல் முகப்பு, வெளியே தள்ளி நிற்கும் பெரிய ஜன்னல், அதற்கு மேலே கூர்க்கூரையில் பின்னல் வேலை மாதிரி மரச் சோடனை. எனக்கே ஆசை வந்தது. குகன் தெருவில் நின்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்த இடம் தேடுகிறார் என்பது பிறகுதான் விளங்கியது. இதைக் கட்டும்போது காரே வரவில்லை என்று பொறுமையாகச் சொன்னேன்.

“சரி, வந்தாப் பிறகாவது திருத்தியிருக்கலாம்தானே?”

மூன்றாம் வீடு: சுவர்

அன்று மாலையே வேறு ஆட்கள் இந்த வீட்டுக்கு விலை கேட்க இருந்தார்கள். என் தொலைபேசி சட்டைப் பைக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. குகன் முன்னறைச் சுவரில் காதை வைத்தார். இதற்கும் பக்கத்து வீட்டுக்கும் அது ஒரே சுவர். பலம் பார்க்கிறேன் என்று கைமுட்டியால் ஓங்கித் தட்டினார்.

அந்தப் பக்கமிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

குகன், “பாத்தியளோ அண்ணை, தும்மினாலும் கேக்கும்!” என்று வாசலுக்கு நடந்துவிட்டார். வீங்கிய காலோடு படியில் இருந்த தர்சினி எழுந்து வந்தாள். சுவரில் மெல்லத் தட்டினாள். அங்கிருந்தும் மெல்லவே பதில் வந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பிக் குகனைக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் ரோட்டிலை நிக்கேக்கை எனக்கு வலி வந்தா, மில்லிக்கன்லை எந்தச் சுவரிலை தட்டுறது? எனக்கு இந்த வீடு காணும், வேறை வேண்டாம்.”

மெல்லிய சுவரை இத்தனை காலமும் விளம்பரத்தில் சொல்லாமல் மறைத்துவந்த நான், இப்போதெல்லாம் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று முதலில் நானே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூட்டிப்போகிறேன்.