பாஷா பாய் ஓட்டலின் பூட்டில்லாத வைஃபை

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கடைகளுக்கு வைஃபை போட்டு, அதற்குப் பூட்டும் போட்டுத் தருவது என் தொழில். அந்தப் பூட்டின் சாவியைக் கடைக்காரரே வாசலில் மாட்டி வைப்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் அதே தொழிலில் சேர்த்தி. ஸ்கூட்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு திரியும் சக பாவிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், இந்த வட்டாரத்தில் இதைவிடப் பரபரப்பான வேலை வேறு கிடையாது!

யோசித்துப் போட்ட பத்து எண்

அரியூரில் ஒரு ஜூஸ் கடை. மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து உட்காருகிற இடம். கடைக்காரர் குமார் அண்ணனுக்கு, பாஸ்வேர்டு யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தானே யோசித்து மளமளவென்று பத்து எண்களைத் தட்டினார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஒருவராவது திருந்தினாரே!

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், பெயர்ப்பலகையில் ஆரஞ்சுப் பழப் படத்துக்குப் பக்கத்தில் முழ நீளத்துக்கு அதே பத்து எண்கள். கடையின் போன் நம்பர்! திரும்ப உள்ளே ஓடினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மறந்துட்டா வெளிய வந்து பாத்துக்கலாம் இல்ல? அதுக்குதாம்மா அத்த வெச்சேன்."

பொரி கேட்ட பிரிண்டர்

பாகூரில் தனசேகர் என்றொரு உரக்கடைக்காரர். ஆயுத பூஜைக்குத் தராசு, பில் போடும் பிரிண்டர், ரௌட்டர் என எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படையல் போட்டார். ரௌட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். அடியில் பாஸ்வேர்டு ஸ்டிக்கர் இருக்கிறதல்லவா, அது மறையாமல் இருக்க நாலு மூலையிலும் பார்த்துப் பார்த்துச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டார். பாகூரில் பாதிப் பேர் பார்த்தார்கள். யாரோ ஒரு வம்புக்காரர் படத்தைப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம், பில் பிரிண்டர் தானாகக் கரகரவென்று ஓடியது. வந்த சீட்டில் ஒரே வரி: 'அண்ணே, பொரிகடலை மிச்சம் இருக்கா?' பக்கத்தில் இருந்துகொண்டு கடை வைஃபையில் நுழைந்து யாரோ செய்த குறும்பு. நல்லவேளை, பொரி கேட்டதோடு விட்டார்கள். நான் போய் பாஸ்வேர்டை மாற்றி, ஸ்டிக்கரையும் கிழித்தெறிந்தேன். பிரிண்டர் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. என்ன அது என்று கேட்டேன். "சாமிதான் கேக்குதுன்னு நெனச்சி ஒரு பொட்டலம் கட்டி வெச்சிட்டேம்மா."

சோறு போடும் இடம்

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் வில்லியனூர் பாஷா பாய். தேர் வீதிக்குப் பக்கத்தில் இருபது வருடமாக ஓட்டல் நடத்துகிறார். பில் போடும் கம்ப்யூட்டரும் கேமராவும் இருக்கிற வைஃபையிலேயே சாப்பிட வருகிறவர்களையும் விடக்கூடாது என்றேன். சமையல்கட்டுக்குள் கஸ்டமரை விடுவீர்களா பாய் என்று கேட்டதும் பட்டென்று புரிந்துகொண்டார். வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று போட்டேன். கடைப் பெயரையே அதற்கு வைத்தேன்.

சரி, இதற்கு ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், முகம் சுருங்கிவிட்டது. வாசலில் தண்ணீர்ப் பானை வைத்து யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனிதர். பூட்டில்லாமல் விட்டால் அந்தப் பெயரை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வான் என்று கெஞ்சினேன், கோபித்தேன், ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்புவது போலவும் நடித்தேன். பாய் எனக்கு ஒரு டீயை வரவழைத்து முன்னால் வைத்தார். "சோறு போடுற எடத்துல இன்னாத்துக்குமா பூட்டு? ஊரு சிரிக்கும்."

ஒரே பெயரில் இரண்டு

தேர்த் திருவிழா வந்தது. அன்று ஒரு நாள் பாய் கடையில் கறி கிடையாது. காய்கறி பிரிஞ்சி மட்டும்தான். வடம் பிடிக்கிறவர்களுக்கு மோர் இலவசம். பத்து மணி இருக்கும், பாய் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "செல்வி, ஒடனே வாம்மா."

கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தேன். கல்லாவுக்கு முன்னால் உறுவையாறு பரிமளா அக்கா நின்று கத்திக்கொண்டிருந்தார். கரும்பு போடுகிற குடும்பம், பாய்க்குப் பழைய வாடிக்கை. பாய் கடை வைஃபையில் சேர்ந்திருக்கிறார். இலவச நெட்டுக்கு ஒரு ரூபாய் சரிபார்ப்பு, கார்டு நம்பர் போடு என்று ஒரு பக்கம் திறந்திருக்கிறது. போட்டிருக்கிறார். அடுத்த நிமிடமே எவனோ போன் செய்து ஓடிபி கேட்கிறான். "ஒன் கட பேரப் பாத்துதான பாய் போட்டேன்!" என்று அவர் கேட்க, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பாயைப் பார்த்தார்கள். இருபது வருடமாகச் சம்பாதித்த பேர். பாய் என்னைப் பார்த்தார். அந்த வைஃபையைப் போட்டது நான் அல்லவா!

நல்லவேளை, பரிமளா அக்கா ஓடிபியைச் சொல்லவில்லை. முதலில் வங்கிக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்த வைத்தேன். பிறகு என் போனைப் பார்த்தேன். பாய் கடை பெயரில் ஒன்றல்ல, இரண்டு வைஃபை! இரண்டுக்கும் பூட்டு இல்லை. போனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? எது கிட்டே இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலேயே பாய், அவருக்குப் பின்னால் பரிமளா அக்கா. சுண்டல் வண்டிப் பக்கம் போனால் பலம் குறைந்தது. பலூன்காரரைத் தாண்டினால் ஏறியது. வளையல் கடையில் இன்னும் ஏறியது. மேளச் சத்தமே என் காதில் விழவில்லை. குடைக்குக் கீழே மேசை போட்டு, பைக் பரிசு என்று குலுக்கல் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவனிடம் வந்து முள் உச்சிக்குப் போய் நின்றது. நான் குனிந்து மேசைத் துணியைத் தூக்கினேன். துணிப்பையில் சின்ன ரௌட்டர், பவர் பேங்க், பக்கத்தில் இன்னொரு போன். ஒயரைப் பிடுங்கினேன். என் போனில் இரண்டாவது பாஷா பாய் காணாமல் போனார்!

கை ஓங்கியவர்களைப் பாய்தான் தடுத்தார். பந்தோபஸ்துக்கு நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். அவனே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "மூணு நாளா ரெண்டு வேளையும் ஒங்க கடைலதான் பாய் சாப்புடுறேன்."

இன்றைக்கு என்ன பாஸ்வேர்டு

அடுத்த நாள் பாயே கூப்பிட்டுப் பூட்டுப் போடச் சொன்னார். ஆனால் அவர் வழியில். சுவரில் எழுதி ஒட்டக்கூடாது, கல்லாவுக்கு வந்து கேட்டால் அவர் வாயால்தான் சொல்வார். அன்றன்றைக்கு என்ன ஸ்பெஷலோ அதன் பெயர்தான் பாஸ்வேர்டு. தினமும் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டால் அது பாய் கடை வைஃபை இல்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் பரிமளா அக்கா வரவில்லை. தேர் அன்று கடையில் இருந்த பலரும் வரவில்லை. பாய் ஒவ்வொரு மத்தியானமும் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமளா அக்கா தன் வீட்டுக்காரர், பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் என்று எட்டுப் பேரோடு உள்ளே வந்தார். உட்காரவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போய், கடை முழுக்கக் கேட்கும்படி, "பாய், இன்னிக்கி இன்னா பாஸ்வேர்டு?" என்றார். போனையும் நீட்டினார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அவர் காதில் மட்டும் சொன்னார். பின்னாலேயே நாலு பேர் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். நான் பிரியாணியை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். கூட்டம் குறைந்ததும் பாய் என்னிடம் வந்தார். "பூட்டு போட்டப்புறந்தாம்மா எல்லாரும் எங்கிட்ட வந்து பேசுறாங்க."

உலகத்தையே வென்றுவிட்ட மிதப்பில் வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்: வாசல் கரும்பலகையில், பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கலாம் என்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், 'இன்றைய ஸ்பெஷல் மட்டன் கோலா உருண்டை' என்று பாய் எழுதி வைத்திருந்தார்.