தோசைக்கல்லுல காய வச்ச தீக்குச்சி

பொண்ணு பாக்கப் போறவன் பூவும் பழமும் கொண்டுபோவான். நான் கூடவே ஒரு பண்டல் தீப்பெட்டியும் கொண்டுபோனேன். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற ஆளுன்னு பவுசு காட்டணும்லா? பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துக்கிடல. ஆனா மருந்து விஷயத்துல நாந்தான் விஞ்ஞானின்னு ஒரு நெனப்பு.

ஐப்பசி மழை. விளாத்திகுளம் பஸ்ஸுல, பண்டல் இருந்த என் மடிக்கு மேல மட்டும் ஒழுகிச்சு.

பொண்ணோட அப்பா மொளகா வெள்ளாம பாக்குற சம்சாரி. பீடிய வாயில வச்சிட்டு என் பெட்டிய எடுத்து உரசுனாரு. பெட்டி ஓரம் தேஞ்சதுதான் மிச்சம்.

"மாப்ள, இது தீக்குச்சியா, காது குடையவா?"

"அடுப்பு எரியுதுலா மாமா, அங்கன பத்திக்கிடலாமே."

"அது எனக்குத் தெரியும்வே. உம்ம குச்சி பத்துனாத்தான் மேக்கொண்டு பேச்சு. இல்லன்னா பெட்டிக்கடையில பிளாஸ்டிக் லைட்டர் தொங்குது, அதுக்கே பொண்ணக் குடுத்திருதேன்."

கூட வந்த எங்கம்மா என்னைய மொறைச்சா. எனக்கோ அந்தப் பிள்ளைய விட மனசில்ல. முன்ன பாத்த வீட்டுலெல்லாம் நான் மட்டுந்தான் சிரிச்சேன். இங்கன அவளும் சிரிச்சா.

மருந்தும் என்னைய மாதிரிதான். சும்மா விட்டா கெடந்துக்கிட்டே கெடக்கும். மொதல்ல ஒரு உசுப்பு வேணும், பொறவு தானா எரியும். உரசுற சூடுதான் அந்த உசுப்பு. ஈரக்குச்சின்னா சூட்டையெல்லாம் தண்ணி குடிச்சிரும். சித்திரை வெயில்ல காஞ்ச குச்சி பாதி முழிச்சே கெடக்கும், லேசாத் தொட்டாலே சீறும். அப்ப, குச்சியச் சுட வச்சா?

அடுப்படிக்குப் போனேன். அவ எங்களுக்குத் தோசை ஊத்திக்கிட்டிருந்தா. கல்லுல குச்சியத் தட்டிப் பரப்பினேன்.

"ஏங்க, கல்லு ரொம்பக் காஞ்சிருக்கு."

"மருந்தப் பத்தி எனக்கேவா?"ன்னு மீசைய முறுக்கிக்கிட்டே குனிஞ்சேன்.

சூடு ஏற ஏற மருந்துக்கு வேகம் கூடும், ஒரு அளவத் தாண்டிட்டா உரசவே வேண்டாம்னு எனக்குத் தெரியும். அந்த அளவு என் மூக்குக்குக் கீழயே வந்து நின்னதுதான் தெரியல. புஸ்ஸுன்னு மொத்தமும் ஒண்ணாக் கெளம்பிச்சு.

ஒரு பக்கத்து மீசை போச்சு. அவ செம்புத் தண்ணிய என் மூஞ்சியில ஊத்திட்டு, சுவத்துல சாஞ்சு சிரிச்சா. "யப்பா, பத்திட்டு! எல்லாக் குச்சியும் பத்திட்டு!"

மாமா வந்து பாத்தாரு. பீடி வாயிலருந்து விழுந்துட்டு. "ஏட்டி, இந்தக் கிறுக்கனா ஒனக்கு?"

"சொன்னபடி பத்த வச்சுட்டாவள்லா? மீசை மொளச்ச பொறவு தேதி வையிங்க."

இப்பவும் காலையில நான் எந்திரிக்கலன்னா, "கல்லு காயுது, உங்களத் தூக்கி வைக்கவா?"ன்னு கேக்கா. மீசையப் பொத்திக்கிட்டு எந்திரிச்சிருதேன்.