தொட்டிக்கு மெக்கானிக்

"ஏளா, பொம்பள கை வச்ச எஞ்சின நம்பி எவன் நடுக்கடலுக்குப் போவான்?"

நான் படகு எஞ்சின் வகுப்பில் சேர்ந்த அன்று சூசை மாமா கேட்டது இது. மாமா என்றால் என் அத்தை வீட்டுக்காரர். புன்னைக்காயல் பக்கம் எங்கள் கரையில் சொந்த வள்ளம் வைத்திருப்பவர்.

இன்று காலை இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனால், விரலில் மண்ணெண்ணெய் வாசம். எந்தச் சோப்புக்கும் அது போகாது. முன்பு இதற்காகவே இடது கையால் சாப்பிட்டுப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த வாசம் இல்லாத நாளில்தான், வேலை வரவில்லையே என்று பயமாக இருக்கிறது.

முதலில் அது என் கையில் ஏறியது தூத்துக்குடியில், ஒரு சமுதாயக் கல்லூரியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பன்னிரண்டாவது முடித்ததும் தோழிகள் எல்லோரும் தையலுக்கும் கம்ப்யூட்டருக்கும் வரிசையில் நிற்க, நான் எஞ்சின் பழுதுபார்க்கச் சேர்ந்தேன். பெரிய லட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வரிசையில்தான் கூட்டம் இல்லை. ஸ்டார்ட்டர் கயிற்றை முதல்முறை இழுத்தபோது எஞ்சின் அசையவில்லை, நான்தான் மல்லாந்து விழுந்தேன். கொட்டகைக்குள் கடல் ஏது? பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றின் விளிம்பில் எஞ்சினை மாட்டி, அதிலேயே ஓட்டிப் பார்ப்போம்.

சான்றிதழோடு ஊர் திரும்பினேன். ஒருவரும் எஞ்சின் தரவில்லை. மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் மாமாவின் எஞ்சின் மக்கர் செய்தது. வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் அதைக் கழற்றி எங்கள் முற்றத்தில் இறக்கினார். கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டி ஓட்டிக் காட்டினேன். ஒரு தடங்கல் இல்லை. மறுநாள் கடலுக்குப் போன மாமாவை இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது.

கரையே கூடிவிட்டது. "படிச்ச புள்ள தொட்டிக்குத்தாம்ல மெக்கானிக்கு!" என்று ஒருவன் கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கரையில் எவரும் ஒரு ஸ்பேனரைக்கூட என்னை நம்பித் தந்திருக்க மாட்டார்கள்.

"மாமா, கடல்ல ஓடும்போதுதான் பாக்கணும். நானும் வள்ளத்துல ஏறுதேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? பொம்பள ஏறுன வள்ளத்துல மீன் படுமா?"

"பொம்பள ஏறாத வள்ளத்தத்தான மாமா இப்பம் இழுத்துக்கிட்டு வந்திருக்கிய?"

இந்தமுறை கரை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சரி சொல்வதற்குள் நான் ஏறிவிட்டேன்.

கரை மறைவதற்கு முன்பே வாந்தி எடுத்தேன். நானும் ஒரு மீனவர் மகள்! கரையில் கயிற்றை இழுத்ததும் கிளம்பிய எஞ்சின், வேகம் கூட்டியதும் இருமத் தொடங்கியது. மண்ணெண்ணெய் டேங்கைப் பார்த்தேன். மூடியில் காற்றுப் போகிற சிறு துளை, உப்பும் அழுக்கும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே போகாமல் எண்ணெய் எப்படி வெளியே வரும்? முற்றத்தில் என்னுடைய கேனிலிருந்து எண்ணெய் கொடுத்து ஓட்டியதால் அது தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம். துளையைக் குத்திவிட்டு மூடினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது, வள்ளம் பறந்தது.

மாமா பாராட்டவெல்லாம் இல்லை. "வாந்தி எடுத்த எடத்தக் கழுவிட்டு எறங்குளா" என்றார். மறுவாரம் எங்கள் முற்றத்தில் மூன்று எஞ்சின்கள் கிடந்தன.

அந்தத் தகரக் கொட்டகை இப்போது இல்லை. அங்கே கல்லூரிப் பேருந்துகள் நிற்கின்றன. வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள், பெண்கள் ஆர்வம் காட்டவில்லையாம். யாரிடம் கேட்டார்கள்? கற்றுக்கொள்ள எங்கள் தெருவிலேயே ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ஐந்து பேரையும் மாமாவின் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிப்போனேன். போகலாமா என்று கரையில் யாரிடமும் கேட்கவில்லை.